தியாகராய நகரிலிருந்து வந்த சோள வடாம்

1

போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. அதிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். இந்த லாஸ் ஏஞ்சலஸில் தமிழில் சொல்லிக்கொள்ள என் கணவரை விட்டால் ஆள் இல்லை. அவரிடம் சொல்லியாகிவிட்டது, மூன்று தடவை. இனி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கடல் கடந்து வரும் பார்சலை இந்த ஊரில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். சுங்க ஆபீசுக்கு நாமே போய், ஒரு ஜன்னலில் சீட்டைக் காட்டி, அங்கிருந்து இன்னொரு ஜன்னலுக்குத் துரத்தப்பட்டு, கடைசியில் முதல் ஜன்னலுக்கே திரும்பி வர வேண்டும். அங்கிருந்த குமாஸ்தா நல்ல பிள்ளை. ஈயம் வைத்து ஒட்டியிருந்த தகர டப்பாவை அவரே கத்திரித்துத் திறந்தார். உள்ளே இரண்டு துணி மூட்டைகள். மேலே இருந்ததை அவிழ்த்துப் பார்த்தார். காய்ந்து வெளுத்த வில்லைகள், எல்லாம் துண்டும் துணுக்குமாக.

"அடடா, வழியில் உடைந்துவிட்டதே, அம்மா. நஷ்டஈடு கேட்டு மனு எழுதித் தருகிறீர்களா?" என்றார்.

வேண்டாம் என்றேன். மனு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். என் அப்பாவின் பெயரை என் பெயராகவும், என் பெயரை என் கணவரின் பெயராகவும் எழுதி வைத்திருக்கிற தேசம் இது.

"சரி, இது என்ன? மருந்தா, விதையா?"

"சாப்பிடுகிற பண்டம். எண்ணெயில் பொரித்தால் டார்ட்டில்லா சிப்ஸ்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார், டப்பாவின் மேல் மெட்ராஸ் முத்திரை குத்திய தபால் தலைகளை ஒருதரம் பார்த்தார். பிறகு அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இங்கே வந்து பார். இரண்டு தெரு தள்ளி மெக்சிகோக்காரர் கடையில் காகிதப் பையில் போட்டு விற்பதை இந்த அம்மாள் இந்தியாவிலிருந்து கப்பலில் வரவழைத்திருக்கிறார்" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்தது ஒன்றுக்கு, நான் சிரித்தது வேறொன்றுக்கு.

2

முதலில் இந்தப் பண்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருக்கிற நீங்கள் இதைக் கண்டிருக்க மாட்டீர்கள். ஒரே ஒரு வீட்டைத் தவிர.

எங்கள் எதிர் வீட்டில் தோன்யா மரியா இருக்கிறார். தோன்யா என்பது நம் 'அம்மாள்' மாதிரி மரியாதைச் சொல். மெக்சிகோவில் கலகம் நடந்த காலத்தில் எல்லை தாண்டி வந்தவர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு நாள் உப்புக் கடன் கேட்க அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறைத் தரையில் ஒரு அம்மி இருந்தது. சத்தியமாக அம்மிதான். மூன்று கால் வைத்த அம்மி, மேலே குழவி. எனக்கு வந்த சந்தோஷத்தில் உப்பை மறந்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுப்பில் மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்தது. அதில் அவர் ஒரு கரண்டி சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெற்றிலைக்குக் கொஞ்சம் கூடினாலே நாக்கு வெந்துபோகும், இவர் பானை நிறைய ஊற்றுகிறாரே என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, நாளைக்கு வா என்று சைகை காட்டினார்.

மறுநாள் போனேன். ராத்திரி முழுக்க ஊறிய சோளத்தின் தோல், விரலால் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி அம்மியில் அரைத்தார். வெறும் சோளத்தை அரைத்தால் ரவை மாதிரி உதிர்ந்துதான் போகும். இது கொழுக்கட்டை மாவு மாதிரி சேர்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் தட்டிக் கல்லில் சுட்டால் தோர்த்தீயா. டார்ட்டில்லா என்று எழுதுவார்கள், தோர்த்தீயா என்று சொல்வார்கள். சுட்டது ஆறி விறைத்துப் போனால் முக்கோணமாக வெட்டி எண்ணெயில் போடுவது. அதற்கு தோன்யாவின் ஊரில் தொதோப்போ என்று பெயர்.

இந்தச் சுண்ணாம்பு வித்தையை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்பெயின்காரர்கள் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த நாட்டுப் பூர்வகுடிகள் இப்படித்தான் சமைத்தார்களாம். பொரிப்பதுதான் பின்னால் வந்த வழக்கம். அதற்கு முன் கல்லிலேயே மொறமொறவென்று சுட்டு, வெளியூர்ப் பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு நடப்பார்களாம். சோளத்தைப் போல நம்முடைய மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று என் கணவர் சொன்னபோது நான் அவரோடு சண்டை போட்டேன். நம் மிளகாயாவது, வேறு நாட்டிலிருந்தாவது. ஆனால் அவர் சொன்னது நிஜமாம். இப்போது எங்கள் பக்கத்தில் மாவை அரைத்துத் தட்டிச் சுடவே இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரம் கோணலாகத் தள்ளுகிற தோர்த்தீயாக்களை எறிய மனமில்லாமல் வெட்டிப் பொரித்து விற்கப் போக, இன்று கோணலுக்குத்தான் கிராக்கி.

தின்னும் சுகத்தை எப்படிச் சொல்ல? சூடாக இருக்கும்போதே உப்புத் தூவ வேண்டும். முதல் கடியில் வருகிற சத்தம் நம் காதுக்குள்ளேயே கேட்கும். பிறகுதான் சோளத்தின் தித்திப்பு, அதற்கும் பிறகு அடிநாக்கில் லேசாகச் சுண்ணாம்பு வாசனை, மழை விழுந்த சுவர் மாதிரி. சுட்ட தக்காளியும் மிளகாயும் அரைத்த துவையலில் ஒரு முனையைத் தோய்த்து வாயில் போட்டால், பேசிக்கொண்டிருந்த பேச்சு மறந்துபோகும். எனக்காக தோன்யா கடலை எண்ணெயில் தனியாகப் பொரிப்பார். மற்றவர்களுக்குப் பன்றிக் கொழுப்பு. அந்த வாணலியை என் வாணலி பக்கத்தில் கூட வைக்க மாட்டார், அவ்வளவு நல்ல மனசு.

ஒரே ஒரு குறைதான் எனக்கு அவர்மேல். என் தட்டில் எப்போதும் முழு முக்கோணங்களாக அடுக்குவார். என் பெண் பத்மாவுக்கோ அடியில் கிடக்கிற உடைந்த துண்டுகள்தான். அவளும் வெட்கமில்லாமல் அதை அள்ளித் தின்றுகொண்டு அவர் மடியில் சாய்ந்திருப்பாள். குழந்தைதானே என்று இளப்பமாக நடத்துகிறாரோ என்று எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல்.

3

பத்மா இந்த ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பத்மா என்று சொல்ல வராமல், தங்கள் ஊர்ப் பெண்பெயராக 'பாட்டி' என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயதில் பாட்டியாகிவிட்டாள். வாசலில் இங்கிலீஷ், எதிர் வீட்டில் ஸ்பானிஷ், எங்களிடம் மட்டும் தமிழ், அதுவும் சாதம் வேண்டும், வேண்டாம் என்கிற அளவுக்கு. ஒரு நாள் தூக்கத்தில் பிதற்றினாள். ஸ்பானிஷில் பிதற்றினாள். அன்றைக்குத்தான் நான் பயந்துபோனேன்.

என் அண்ணா அதற்கு முன்பே கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணா ஹைகோர்ட் வக்கீல். மயிலாப்பூர் மாட வீதியை விட்டு, ஏரியைத் தூர்த்து மனை போட்ட தியாகராய நகரில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். அவருக்கும் விசாலம் மன்னிக்கும் குழந்தை இல்லை. 'பத்மாவை இங்கே விட்டுவிடு. நாலு வருஷம் படிக்கட்டும், பேசட்டும், நம் பெண்ணாக வளரட்டும்' என்பார். யோசித்து யோசித்து, சரி என்றோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தியப் பிரஜைகள் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப நுழைவது லேசில்லை. எனக்கு மட்டும் கெடு வைத்து ஒரு அனுமதிக் காகிதம் கிடைத்தது. கெடு தாண்டினால் என் குடித்தனம் ஒரு கரையில், நான் மறு கரையில்.

எதற்காகப் போகிறோம் என்பதைக் கப்பலில் ஏறிய பிறகுதான் பத்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். ஜப்பான் வந்தது, சிங்கப்பூர் வந்தது, கொழும்பு வந்தது. பெண் வாயைத் திறக்கவில்லை.

தோன்யா அவள் கையில் ஒரு சின்ன மூட்டை கொடுத்திருந்தார். காய்ந்த சோளம் கொஞ்சம், சுண்ணாம்புக் கட்டி ஒன்று. தனுஷ்கோடியில் சுங்கச் சோதனை. பெட்டியைக் கிளறிய உத்தியோகஸ்தர் சோளத்தைத் தனியே எடுத்து வைத்தார். வெளிநாட்டு விதையாம், உள்ளே விட உத்தரவு வேண்டுமாம். வறுத்துத் தின்கிற சோளம் என்று சொல்லிப் பார்த்தேன். முளைக்காது என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர், "மெட்ராஸுக்குச் சுண்ணாம்பு கொண்டு போறேளா? நன்னா கொண்டு போங்கோ" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். தெருவுக்குத் தெரு கிடைப்பதை விட்டார், கிடைக்காததை வைத்துக்கொண்டார். பத்மா அப்போதுதான் பல நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். நல்லவேளையாக அவருக்குப் புரியவில்லை.

4

தியாகராய நகரில், புது மாம்பலம் என்றும் சொல்வார்கள், வீடுகளை விட மனைகள் அதிகம். மொட்டை மாடியில் நின்றால் பூங்காவும், மின்சார ரயில் போகிற வழியும் தெரியும். மன்னிக்கு அந்த மாடிமேல் உயிர். மாட வீதி வீட்டில் நாலு குடித்தனத்துக்கு ஒரு மாடி. இங்கே அத்தனை வெயிலும் அவளுக்கே சொந்தம். மாசி பிறந்ததுமே வடாம் போட ஆரம்பித்துவிட்டாள்.

மன்னியைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கமான மனசு, ஆனால் அடுக்களைக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். ஹைகோர்ட் வக்கீல் அங்கே வாயைத் திறக்க மாட்டார். பத்மா முதல் நாளே எச்சில் கையால் மோர்ப் பாத்திரத்தைத் தொட்டாள். இரண்டாம் நாள் அண்ணாவை "நீ எப்போ வருவே?" என்று கேட்டாள், பால்காரரை "வாங்கோ, உட்காருங்கோ" என்றாள். மூன்றாம் நாளிலிருந்து மறுபடி ஊமையானாள். சாப்பாடும் இறங்கவில்லை. மோர் சாதம் இரண்டு வாய், எழுந்துவிடுவாள். மன்னிக்கு அது பெரிய மனக்கஷ்டம்.

"என்னதான்டி வேணும் உனக்கு? சொல்லு, பண்ணித் தரேன்" என்றாள்.

பத்மா சொன்னாள். நான் விளக்கினேன். மன்னியின் முகம் மாறிவிட்டது.

"சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவெச்சு, ராத்திரி பூரா ஊறப்போட்டு, மறுநாள் எடுத்து அரைக்கறதா? வெந்ததை ராத்தங்க வெச்சா அது பழையதுடி, ஜெயம். அதை இன்னொருதரம் சமைச்சுப் பரிமாறுவாளா? என் அடுக்களையில அது நடக்காது."

அவள் சொன்னதில் தப்பில்லை. நம் வீடுகளில் வெந்த தானியம் என்றால் பத்து என்கிற தீட்டு உண்டு. அது பட்ட கையை அலம்ப வேண்டும், ஒரு ராத்திரி தாண்டினால் மனுஷாளுக்கு வைக்கக் கூடாது. ராத்திரி ஊறாவிட்டால் தோர்த்தீயாவே கிடையாது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மன்னி பத்மாவைக் காக்காய் ஓட்ட மாடிக்கு அனுப்பினாள். கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் வடாத்துக்குக் காவல் இருந்தாள். நான் துணி உலர்த்தப் போனபோது மன்னியும் அங்கே இருந்தாள், காய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. பத்மா குடையை மடக்கினாள்.

"மாமி, இந்தக் கூழ் அடுப்புல வெந்ததுதானே?"

"ஆமாம்."

"நேத்திக்குக் கிளறினே. இன்னிக்கும் இங்கேயே இருக்கு. நாளைக்கும் இருக்கும். அடுத்த வருஷமும் சாப்பிடுவே. இது பழையது இல்லையா?"

மன்னி நிமிர்ந்தாள். அவளை யாரும் அதுவரை அடுக்களை விஷயத்தில் குறுக்கு விசாரணை செய்ததில்லை. "வெயில்ல காஞ்சுடுத்துன்னா பத்து ஏதுடி? சூரிய பகவான் எடுத்துண்டு போயிடுவார்."

"அப்போ தொதோப்போவையும் வெயில்ல போடலாம். அதையும் எடுத்துண்டு போவார்."

அவள் தமிழில் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். மன்னி குனிந்து மிச்ச வடாத்தையும் திருப்பிப் போட்டாள். கீழே இறங்கி வந்ததும் அண்ணாவிடம் சொன்னாள். அண்ணா வெற்றிலையை மென்றபடி, "கேஸ் போயிடுத்து விசாலம். அப்பீலும் கிடையாது" என்றார்.

"அடுப்பு கொல்லையில. அம்மி வெங்காயத்துக்கு வெச்சிருக்கோமே, அது. வெயில்ல முறுகக் காஞ்ச பிற்பாடுதான் என் வாணலி" என்றாள் மன்னி. அவ்வளவுதான் நிபந்தனை.

5

சோளம் வேண்டுமே. மயிலாப்பூர்க் கடற்கரையில் கதிர் சுடுகிற பெண்பிள்ளை ஒருத்தி இருப்பாள். சாயங்காலம் பத்மாவை அழைத்துக்கொண்டு போனேன். இளசு வேண்டாம், முற்றிக் காய்ந்தது வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா சொல்றே? முத்துனத இன்னா பண்ணுவே? பல்லு உட்டுக்கும்" என்றாள். பிறகு யோசித்து, "வெதைக்குன்னு குடிசையில கட்டித் தொங்கவுட்டுக்கீறேன். நாளிக்கி வா, எட்தாறேன்."

பத்மா ஏதோ நன்றி சொன்னாள். அந்தப் பெண்பிள்ளை விசிறியை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். "எந்த ஊரு பாப்பா நீ? பேச்சு ஒரு தினுசா கீதே."

"மாம்பலம்" என்றாள் பத்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டுச் சொன்னாளோ, எதற்குச் சொன்னாளோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தோன்யா கொடுத்த சுண்ணாம்பு கடல் காற்றில் பொடியாகி வீணாகிப் போயிருந்தது. அண்ணாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத்தான் போட்டோம். கொல்லையில் கும்மட்டி அடுப்பு வைத்து, கிணற்றடியில் ஊறப்போட்டு, மறுநாள் பத்மாவே பாவாடையைச் செருகிக்கொண்டு அரைத்தாள். மாவைத் தட்டுவதற்கு தோன்யா மாதிரியே இரண்டு உள்ளங்கைக்கும் மாற்றி மாற்றி வீசினாள். பட்பட்டென்று சத்தம் கேட்டு மன்னி கொல்லைப்புற வாசற்படியில் வந்து நின்றாள். அவள் படி தாண்டவில்லை. ஆனால் "ஓரம் வெடிக்கறது பார், ஈரக்கையால தடவு" என்றாள். பிறகு படி தாண்டினாள்.

சுட்டு, வெட்டி, மாடியில் பரப்பினார்கள். குடைக்குக் கீழே ஒரு பக்கம் ஜவ்வரிசி வடாம், மறு பக்கம் முக்கோணங்கள். மெக்சிகோவில் யாரும் தொதோப்போவுக்கு இப்படி வெயில் காட்டியிருப்பார்களோ என்னவோ. கல் மாதிரி காய்ந்ததும் மன்னி தன் வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றினாள். அடடா, அந்த முதல் ஈடு. போட்ட மாத்திரத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி மேலே வந்தது. வெயிலில் காய்ந்ததால் எண்ணெயே குடிக்கவில்லை. தோன்யா வீட்டில் கூட நான் இப்படி ஒரு மொறுமொறுப்பைக் கடித்ததில்லை. தக்காளி சீமைக்காய் என்பதால் மன்னி வீட்டில் நுழையாது. மிளகாயையும் புளியையும் சுட்டு ஒரு துவையல் அரைத்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. அதுவும் பொருந்தியது.

பரிமாறியது பத்மா. அண்ணாவுக்கு ஒரு தட்டு, பக்கத்து வீட்டிலிருந்து வாசனை பிடித்து வந்த மாமிக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. கடைசியில் மன்னிக்கு. மன்னி தட்டைப் பார்த்தாள். அதில் இருந்ததெல்லாம் உடைசல். மூலையில்லாதது, மடங்கியது, தூள்.

மன்னி தட்டைக் கீழே வைத்தாள். இத்தனைக்கும் வாணலி முன்னால் நின்று வெந்தவள் அவள். பக்கத்து வீட்டு மாமி எதிரிலே வேறு. நான் பதறிப்போய், "பத்மா, என்ன காரியம் இது? மாமிக்கு நல்லதா எடுத்து வை" என்றேன்.

"நல்லதுதான் வெச்சிருக்கேன்" என்றாள் பத்மா. அவளுக்கு என்ன தப்பென்றே புரியவில்லை. பிறகு மன்னியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "மாமி, முழுசு வந்தவாளுக்கு. உடஞ்சது ஆத்து மனுஷாளுக்கு. தோன்யா அப்படித்தான் பண்ணுவா. எனக்கு எப்பவும் உடஞ்சதுதான். இதோ பாரு." தன் தட்டைக் காட்டினாள். அதிலும் உடைசல்தான்.

மன்னி தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். குனிந்துகொண்டு ஒரு துண்டைக் கடித்தாள், ரொம்ப நேரம் மென்றாள். அண்ணா தன் தட்டைத் தூக்கி, "அப்போ நான் விருந்தாளியா இந்த ஆத்துல?" என்று கேட்டார்.

"நீதான் எப்பவும் கோர்ட்டுலயே இருக்கியே" என்றாள் பத்மா. எல்லாரும் சிரித்தார்கள். மன்னி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரம் என்றாள்.

நான் என் தட்டைப் பார்த்தேன். முனை மழுங்காத முழு முக்கோணங்கள், வரிசையாக அடுக்கியிருந்தாள். தோன்யா எனக்கு அடுக்குகிற மாதிரியே. வந்தவளுக்கு வைக்க வேண்டியதை முறைப்படி வைத்திருந்தாள் என் பெண். அதைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. உடைந்ததாக ஒன்றாவது இருக்கிறதா என்று தட்டின் அடிவரை தேடினேன்.

6

அனுமதிக் காகிதத்தின் கெடு நெருங்கியது. ரயிலேறுவதற்கு முந்தின நாள் காலையில் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன், பத்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று. என் தட்டில் வைத்த அந்த முழு முக்கோணங்களுக்குப் பிறகு அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மன்னி அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே பாத்திரச் சத்தம் கூடக் கேட்கவில்லை.

பத்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் குடை. "நான் வரலை, அம்மா."

"உனக்கு இங்கே பிடிக்கலைன்னுதானே பேசாம இருந்தே?"

"நீயே முடிவு பண்ணி என்னை இங்கே விட வந்தே. அது பிடிக்கலை. இப்போ நானே சொல்றேன், இருக்கேன். என்னோடதை மாமி கத்துண்டுட்டா. மாமியோடதை நான் இன்னும் கத்துக்கலை. கத்திரி வெயில்ல போட்டா இன்னும் நன்னா பொரியுமாம்."

யாரை விட்டுவிட்டுப் போக வந்தேனோ அவளை விட்டுவிட்டுத்தான் போகிறேன், நினைத்தது நடந்தது. அப்படியிருந்தும் எழும்பூரில் ரயில் நகர்ந்தபோது என்னை யாரோ வெளியே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. பத்மா மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் கூடவே நடந்து வந்தாள். வழிக்கு என்று ஒரு டப்பா கொடுத்திருந்தாள். செங்கல்பட்டு தாண்டித் திறந்து பார்த்தேன். எல்லாம் முழுசு. ஒன்றுகூட உடையாமல் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். கொழும்பு வரை அதை நான் தொடவில்லை.

7

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பத்மாவின் தமிழ் இப்போது என் தமிழைத் திருத்துகிறது. அண்ணாவை நீங்கள் என்கிறாளாம். அண்ணாவுக்குத்தான் அது பிடிக்கவில்லையாம். மன்னி வீட்டு மாடியில் இந்த மாசியில் சோள வடாம் பாதி மாடியைப் பிடித்துக்கொண்டதாம். பக்கத்து வீடுகளிலிருந்து கிண்ணம் வருகிறதாம். தியாகராய நகரில் யார் வீட்டிலாவது முக்கோண வடாம் பொரித்து வைத்தால் அதன் பூர்வோத்தரம் உங்களுக்கு இப்போது தெரியும்.

சுங்க ஆபீசிலிருந்து டப்பாவைச் சுமந்துகொண்டு வந்து சமையலறை மேஜையில் வைத்தேன். குமாஸ்தா அவிழ்க்காத மூட்டையை அப்போதுதான் எடுத்தேன். அதன்மேல் இங்கிலீஷ் எழுத்தில் தோன்யா மரியா என்று மையால் எழுதியிருந்தது. பிரித்தேன். உள்ளே முழு முக்கோணங்கள். மூன்று சமுத்திரம் தாண்டி வந்தும் ஒரு முனை, ஒரே ஒரு முனை மழுங்கவில்லை.

ஒரே டப்பா, ஒரே கப்பல். அப்படியானால் மற்ற மூட்டையில் இருப்பது?

அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதன்மேல் பெயர் எதுவும் இல்லை. துண்டுகளின் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். உடைந்த இடமும் நன்றாகக் காய்ந்து, முறுகி, வெளுத்திருந்தது. காய்வதற்கு முன்பே, ஈரம் இருக்கும்போதே, மாடியில் வைத்துக் கையால் உடைத்திருக்கிறாள் பத்மா. ஒவ்வொன்றாக.

அடுப்பைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினேன். எண்ணெய் காய்வதற்குள் எதிர் வீட்டுக்கு ஓடிப்போய் மூட்டையைக் கொடுத்துவிட்டு, வாயில் வந்த ஸ்பானிஷில் எதையோ உளறிவிட்டு ஓடிவந்தேன். ஒரு பிடி போட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது. உப்புத் தூவினேன். நின்றபடியே, சூட்டோடு, இரண்டு கையாலும் தின்றேன். அந்தச் சத்தத்தை உங்களுக்குக் கேட்கும்படி எழுத எனக்குத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் கணவர் தட்டை எட்டிப் பார்த்தார். "பத்மா அனுப்பினதா? அடடா, எல்லாம் வழியில உடஞ்சுபோயிடுத்தே" என்றார்.

"வழியில உடையலை" என்றேன். "நமக்குன்னு உடைச்சு அனுப்பியிருக்கா."